கண்ணுக்குப் போகும் வழி: குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயும் கண்ணை எடுக்காத சிகிச்சையும்

முதல் பிறந்தநாளுக்கு கேக் முன்னால் உட்கார வைத்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். குழந்தையின் ஒரு கண்ணில் சிவப்பாக ஒரு புள்ளி, இன்னொரு கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி. "லைட் பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். பல வீடுகளில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற நோயின் முதல் அடையாளம் இப்படித்தான் போன் கேலரியில் மாதக்கணக்கில் கிடக்கிறது.

கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிவதைக் கண்மணி என்கிறோம். பாப்பா என்றும் சொல்வதுண்டு. உண்மையில் அது ஒரு துளை. பின்னால் இருட்டறை இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. ஃபிளாஷ் வெளிச்சம் அந்தத் துளை வழியாக உள்ளே போய், பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையிலும் அதற்குப் பின்னால் ரத்தம் ஓடும் படலத்திலும் பட்டுத் திரும்புவதால்தான் படத்தில் சிவப்பு விழுகிறது. அந்தச் சுவரில் வெளிறிய கட்டி ஒன்று வளர்ந்திருந்தால் திரும்பி வருவது வெள்ளை. மங்கலான அறையில் பூனையின் கண் மினுங்குவதுபோல மினுங்கும். அதனால் மருத்துவர்கள் 'பூனைக்கண்' என்று சொல்வார்கள். நம் ஊரில் பூனைக்கண் என்றால் வெளிர்நிற விழி. "பூனைக்கண் மாதிரி தெரியுதா?" என்று டாக்டர் கேட்டால், "எங்க ரெண்டு பேர் பக்கமும் யாருக்கும் பூனைக்கண் கிடையாதுங்க டாக்டர்" என்று பதில் வருவது இயல்புதான்.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஒரு வேதியியலாளர் தன் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு, வீட்டில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைத் தேதிவாரியாகப் புரட்டிப் பார்த்தார். முதல் வெள்ளைப் புள்ளி, குழந்தை பிறந்த 12-ஆம் நாள் படத்திலேயே இருந்தது. நோய் கண்டறியப்பட்டதோ சில மாதங்கள் கழித்து. பிறகு அவர் குழுவோடு சேர்ந்து, போனில் உள்ள படங்களில் இந்த வெள்ளையைத் தேடும் செயலி ஒன்றை உருவாக்கினார்.

வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அலறவும் வேண்டாம். குழந்தை கொஞ்சம் ஓரமாகப் பார்க்கும்போது வெளிச்சம் நேராகப் பார்வை நரம்பின் முனையில் பட்டால் ஆரோக்கியமான கண்ணிலும் வெள்ளை விழும். பிறவிக் கண்புரையிலும் விழும். ஆனால் எது எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, கண் மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும். அதுவும் அந்த வாரத்துக்குள். மாறுகண்ணும் அப்படித்தான். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சை நம்பி, தானாகச் சரியாகும் என்று விட்ட சில பிள்ளைகளுக்கு உள்ளே கட்டிதான் பார்வையை மறைத்திருக்கும். விழித்திரையில் வலி தெரியாது. குழந்தை அழாது, விளையாடும், சாப்பிடும். ஏமாந்துபோவது இங்கேதான்.

ஏன் குழந்தைகளுக்கு மட்டும்?

விழித்திரை செல்கள் கருவிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும்தான் பெருகி முதிர்கின்றன. முதிர்ந்த பிறகு பிரிவதை நிறுத்திவிடும். 'போதும், நிறுத்து' என்று சொல்லும் மரபணுக்களில் ஒன்று, 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஆர்பி1. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதிகள் உண்டு. வண்டிக்கு இரண்டு பிரேக் மாதிரி. ஒன்று போனாலும் வண்டி நிற்கும். ஒரே செல்லில் இரண்டும் போனால்தான் ஓட ஆரம்பிக்கும். 1971-இல் அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃப்ரட் நட்சன் இந்தக் கணக்கைப் போட்டது இந்த நோயை வைத்துத்தான். இன்று புற்றுநோய் மரபியல் பாடம் தொடங்குவதே அங்கிருந்துதான்.

சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கு இரண்டு பிரேக்கும் ஒரு விழித்திரை செல்லில் தற்செயலாகப் போகிறது. ஒரு கண், பெரும்பாலும் ஒரே கட்டி. மீதி 40 சதவீதத்தினருக்கு, ஒரு பிரதி உடலின் எல்லா செல்களிலும் பிறவியிலேயே பழுது. அவர்களுக்கு இரண்டு கண்ணிலும், ஒரே கண்ணில் பல இடங்களிலும் கட்டி வரலாம். முதல் வயதிலேயே வெளிப்படும். பெற்றோர் யாருக்கும் இல்லாமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றிய மாற்றமாக இருப்பதுதான் இதில் அதிகம். அதனால் யார் பக்கத்துக் குறை என்ற சண்டைக்கு இங்கே இடமே இல்லை. கர்ப்ப காலத்தில் எதைச் சாப்பிட்டதாலும், கிரகணத்தில் வெளியே போனதாலும் இது வருவதில்லை.

சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. உலகில் ஆண்டுக்கு 8,000-க்கு மேல்; இந்தியாவில் மட்டும் 1,500 அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

உயிர், கண், பார்வை: இந்த வரிசையில்

'கண்ணைக் காப்பாற்றும் சிகிச்சை' என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அதைக் கேட்டதும், கண்ணை எடுக்கச் சொல்லும் மருத்துவர் பழைய ஆள், எடுக்க வேண்டாம் என்று சொல்பவர் புதிய ஆள் என்று மனம் பிரித்துவிடுகிறது. அப்படி இல்லை.

1809-இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப், இந்தக் கட்டி கண்ணைத் தாண்டுமுன் கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். மயக்க மருந்து இல்லாத காலம். அந்த யோசனைதான் இந்த நோயில் முதன்முதலில் உயிரைக் காத்தது. கட்டி தப்பிக்கும் பெரிய வழி பார்வை நரம்பு. கண்ணின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. கட்டி கண்ணுக்குள் இருக்கும்வரை இது மிக எளிதாகக் குணமாகும் புற்றுநோய்களில் ஒன்று. வசதியான நாடுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். வெளியே வந்துவிட்டால் கதையே வேறு.

எந்தக் கண்ணைக் காக்கலாம் என்று முடிவு செய்ய ஏ முதல் இ வரை ஐந்து பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும் கட்டி, நடுப்பார்வைப் பகுதியிலிருந்தும் நரம்பு முனையிலிருந்தும் தள்ளி இருக்கும். பி கொஞ்சம் பெரியது. சி, டி வரும்போது கட்டியிலிருந்து உதிர்ந்த 'விதைகள்', அதாவது செல் துணுக்குகள், கண்ணுக்குள் மிதக்க ஆரம்பித்திருக்கும். இ என்றால் கண்ணே குலைந்துபோன நிலை: உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், ரத்தம் கசிந்திருக்கும், பார்வை திரும்ப வழி இருக்காது. ஒரு கண்ணில் இ, மறு கண் நல்லபடி இருக்கிறது என்றால் பெரும்பாலான நிபுணர்கள் எடுத்துவிடத்தான் சொல்வார்கள். எடுத்த கண்ணைப் பரிசோதனைக்கூடத்தில் வெட்டிப் பார்த்தால்தான் நரம்புக்குள்ளோ ரத்தம் ஓடும் அடிப்படலத்துக்குள்ளோ நோய் நுழைந்திருக்கிறதா என்று தெரியும். நுழைந்திருந்தால் கீமோ சேர்ப்பார்கள். பார்க்காத கண்ணை வைத்துக்கொண்டு இந்தத் தகவலை இழப்பது சில சமயம் உயிரைப் பணயம் வைப்பதாகிவிடும்.

"எடுக்க வேண்டாம்" என்று சொல்லும் ஒருவரைத் தேடி ஊர் ஊராகப் போகும் பெற்றோரின் தவிப்பு புரிகிறது. இரண்டாவது கருத்துக் கேட்பது தவறே இல்லை. கேட்பதானால் ஒரு வாரத்தில் கேட்டு முடியுங்கள். 2017-இல் 153 நாடுகளில் 4,351 குழந்தைகளைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வில், பணக்கார நாடுகளில் குழந்தைக்குச் சுமார் 14 மாதம் ஆகும்போதே நோய் கண்டறியப்பட்டிருந்தது; மிக ஏழை நாடுகளில் 30 மாதம். நோய் கண்ணைத் தாண்டிப் போயிருந்தவர்கள் முன்னதில் 1.5 சதவீதம், பின்னதில் 49 சதவீதம். இரண்டு இடத்திலும் நோய் அதேதான்.

இன்னொன்று: மற்ற கட்டிகளைப்போல இதில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதில்லை. ஊசித் துளை வழியாக செல்கள் வெளியே வந்துவிடும். கண்ணுக்குள் பார்த்தும், அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் சுண்ணாம்புத் துகள் படிந்திருப்பதைக் கண்டும், எம்ஆர்ஐ எடுத்து நரம்பைப் பார்த்தும்தான் முடிவு செய்கிறார்கள். "டெஸ்ட் பண்ணாமலே கேன்சர்னு சொல்றாங்க" என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

மருந்து பழையது, வழி புதிது

கண்ணைக் காக்கும் சிகிச்சையின் கதை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: ஒரு குழந்தையின் கண் குறுக்களவில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். அதற்குள் மட்டும் விஷத்தை அனுப்ப வேண்டும், உடம்பின் மற்ற பாகத்துக்குப் போகக்கூடாது. எப்படி?

முதல் வழி கதிர். 1903-இலேயே அமெரிக்காவின் டெக்சாஸில் ஹில்கார்ட்னர் என்ற மருத்துவர் எக்ஸ்ரே கொடுத்துப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவதுதான் கண்ணைக் காக்கும் சிகிச்சையாக இருந்தது. கட்டி கரைந்தது. ஆனால் கதிர் பட்ட பக்கம் நெற்றிப்பொட்டும் கன்ன எலும்பும் வளராமல் முகம் ஒடுங்கியது. அதைவிட மோசமாக, பிறவியிலேயே ஆர்பி1 பழுதானவர்களுக்கு, கதிர் பட்ட இடத்தில் பத்து இருபது ஆண்டுகள் கழித்து வேறு புற்றுநோய் முளைத்தது. ஒரு பிரேக் ஏற்கெனவே இல்லாத செல்களில் கதிர் அடுத்த பிரேக்கையும் உடைத்துவிடுகிறது. இன்று இதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

கதிரையே சிறிதாக்கிக் கட்டியின் முதுகில் ஒட்டினால்? லண்டனில் ஹென்றி ஸ்டாலர்ட் அதைத்தான் செய்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியவர், பிறகு கண் மருத்துவரானவர். கதிரியக்கக் கோபால்ட் தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில், கட்டிக்கு நேர் பின்னால் தைத்துவிடும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று கோபால்ட்டுக்குப் பதில் ருத்தேனியம்-106, அயோடின்-125. சின்னக் கிண்ணம்போல வளைந்த தகடு. சில நாள் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். ருத்தேனியத்தின் கதிர் சில மில்லிமீட்டர்தான் போகும் என்பதே அதன் அருமை. முன்பு வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்த இந்தத் தகட்டைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் இப்போது உள்நாட்டிலேயே செய்கிறது.

சின்னக் கட்டிக்கு லேசர். ஓரத்தில் இருந்தால் உறைய வைத்து உருக வைத்து மீண்டும் உறைய வைப்பது. இவை தனியாகச் சின்னவற்றுக்கும், மற்ற சிகிச்சை முடிந்தபின் மிச்சத்தைத் துடைக்கவும்.

1990-களில் ரத்தநாளம் வழியாகக் கீமோ வந்தது. வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு, கார்போபிளாட்டின் மூன்றும் சேர்த்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, வழக்கமாக ஆறு சைக்கிள். நோக்கம் கட்டியைச் சுருக்குவது. சுருங்கியதை லேசரால் முடிப்பது. சுருங்கிய கட்டி உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிபோலக் கிடக்கும். புதிதாகப் பார்க்கும் பெற்றோர் படத்தைப் பார்த்து "இன்னும் இருக்கே" என்று கலங்குவார்கள். அது செத்த கட்டி. இரண்டு கண்ணிலும் நோய் உள்ள கைக்குழந்தைகளுக்கு இந்தியாவில் இன்றும் இதுவே முதுகெலும்பு. உடம்பு முழுக்க ஓடுவதால் முடி கொட்டும், ரத்த அணுக்களின் 'கவுண்ட்' இறங்கும். கார்போபிளாட்டின் செவித்திறனைப் பாதிக்கலாம் என்பதால் காதையும் சோதிப்பார்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே மருத்துவமனை.

அடுத்த வழிதான் எனக்கு மிகப் பிடித்தது. மெல்ஃபலான் என்பது 1950-களிலிருந்தே இருக்கும் மருந்து, பெரியவர்களின் மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. 1980-களில் ஜப்பானில் அகிஹிரோ கனேகோவின் குழு பல மருந்துகளை இந்தக் கட்டியின் செல்கள்மீது சோதித்தபோது மெல்ஃபலானே நன்றாகக் கொன்றது. சிக்கல், கண்ணுக்குப் போதுமான அளவை உடம்புக்குக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை தாங்காது. அவர்கள் வாய்க்காலுக்கு மடை கட்டுவதுபோல ஒன்றைச் செய்தார்கள். மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியிலிருந்து கண்ணுக்கு ஒரு கிளை பிரிகிறது. அந்தக் கிளைக்குச் சற்று மேலே சிறு பலூனை ஊதி அடைத்துவிட்டு மருந்தை விட்டால், மேலே போக வழியில்லாமல் கண்ணுக்குத் திரும்பும்.

2006-இல் நியூயார்க்கில் மருத்துவர்கள் டேவிட் ஆப்ராம்சனும் பியர் கோபினும் பலூனையும் விட்டுவிட்டு, நுண்குழாயை அந்தக் கிளையின் வாய்க்கே கொண்டுபோனார்கள். குழந்தை முழு மயக்கத்தில். தொடை இடுக்கில் ஒரு சிறு துளை. அங்கிருந்து தமனி வழியாகவே மேலே, இதயத்தை ஒட்டிக் கழுத்துக்கு, அங்கிருந்து கண்ணுக்குப் பிரியும் கிளை வாசலுக்கு. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஓட்ட வேண்டும். குழாயின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவு. வாசலில் நிறுத்தி, 3 முதல் 5 மில்லிகிராம் மெல்ஃபலானைச் சுமார் அரை மணி நேரம் துளித்துளியாக விடுவார்கள். சிலருக்கு டோப்போடெக்கான் என்ற மருந்தும் சேரும். மாதம் ஒரு முறை, பெரும்பாலும் மூன்று முறை. முன்பு எடுக்கவே வேண்டும் என்றிருந்த டி பிரிவுக் கண்கள் பல இதனால் தப்பின.

வழி நல்லது என்பதற்காக எல்லோருக்கும் பொருந்தாது. மிகச் சிறு குழந்தையின் நாளம் இடம் கொடுக்காது. குழாய் கண் தமனியைத் தொடும்போது சில குழந்தைகளுக்குத் திடீரென மூச்சும் நாடித்துடிப்பும் இறங்கும். பழகிய மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணின் நாளம் அடைபட்டுப் பார்வை போவதும் உண்டு. கண்ணுக்கு மட்டும் போகும் மருந்து, கண்ணைத் தாண்டிய நோயைத் தொடாது. அதனால்தான் முதலில் எம்ஆர்ஐ.

இனி அந்த மிதக்கும் விதைகள். கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் ஜெல்லில் ரத்தக்குழாய் கிடையாது. ரத்தத்தின் வழியே எவ்வளவு மருந்து அனுப்பினாலும் அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஊசியால் நேரே போடலாம். ஆனால் இந்தக் கண்ணில் ஊசி குத்தக்கூடாது என்று மேலே சொன்னேனே? 2012-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கண் மருத்துவர் ஃபிரான்சிஸ் முனியே வெளியிட்ட முறை அந்தத் தடையைத் தாண்டியது. முதலில் கண்ணின் முன்பகுதியிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். உள்ளிருப்பது வெளியே பீறிடாது. கட்டி இல்லாத திசையாகப் பார்த்து மெல்லிய ஊசியை இறக்கி 20 முதல் 30 மைக்ரோகிராம் மெல்ஃபலான். ஊசியை உருவும்போதே அந்தத் துளையை உறைய வைக்கிறார்கள். ஒட்டியிருக்கும் செல் ஏதாவது இருந்தால் அங்கேயே சாகும். பிறகு மருந்து எங்கும் கலக்கக் கண்ணை மெல்லக் குலுக்குகிறார்கள். தமனி வழியாகப் போகும் அளவோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சேர வேண்டிய இடத்தில் போட்டால் அவ்வளவே போதும்.

மயக்கம் கொடுத்துப் பார்க்கும் நாள்

சிகிச்சை என்று பேசும்போது யாரும் சொல்லாமல் விடுவது இந்த நாளைத்தான். ஒன்றரை வயதுப் பிள்ளை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் படுக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் முழு மயக்கம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மெல்ல இடைவெளி கூடும். முந்தைய இரவே பால் நேரத்தைக் கணக்குப் பண்ண வேண்டும். காலையில் வராந்தாவில் பசியோடு அழும் பத்துப் பிள்ளைகள், தோளில் போட்டு நடக்கும் அப்பாக்கள், "பாப்பாவுக்கு ஒன்னும் குடுக்கலையேம்மா?" என்று நான்காவது தடவையாகக் கேட்கும் நர்ஸ். குடிக்கக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து.

உள்ளே, இமையைக் கம்பி வைத்துத் திறந்து, மழுங்கிய சிறு கருவியால் கண்ணை வெளியிலிருந்து அழுத்தி அழுத்தி விழித்திரையின் கடைசி ஓரம் வரை பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள். மிச்சம் தெரிந்தால் அங்கேயே லேசர். கண் சிவந்து, வீங்கி வெளியே வருவது அதனால்தான். பிறவிப் பழுது உள்ளவர்களுக்குப் பழைய இடத்தில் மட்டுமல்லாமல் புதிய இடத்திலும் கட்டி முளைக்கலாம் என்பதால் இந்த நாட்கள் ஆண்டுக்கணக்கில் தொடரும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத், டெல்லி எய்ம்ஸ் போன்ற சில இடங்களில்தான் இந்த வேலைக்கான தனிக் குழுக்கள் இருக்கின்றன. எனவே ரயில் டிக்கெட், தங்குமிடம், வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம் எல்லாம் சிகிச்சைச் செலவில் சேர்ந்தவைதான். காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று முதல் நாளே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்வது நல்லது.

கண் தப்பினால் பார்வையும் தப்பியதாகிவிடாது. கட்டி விழித்திரையின் நடுப்புள்ளியில் உட்கார்ந்திருந்தால், குணமான பிறகும் எதிரே நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரியாது, ஓரப்பார்வை இருக்கும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்பட்டையால் மூடி, மெலிந்த கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொல்வார்கள். பிள்ளை பிய்த்துப் போடும். திரும்ப ஒட்ட வேண்டியதுதான்.

கண்ணை எடுக்க நேர்ந்தால் குழி அப்படியே இருக்காது. உள்ளே ஓர் உருண்டையை வைத்துக் கண் தசைகளை அதோடு பொருத்துவார்கள். சுமார் ஆறு வாரம் கழித்து, மறு கண்ணின் நிறத்துக்கு வரைந்த செயற்கைக் கண் மேலே உட்காரும். ஓரளவு அசையும். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் கண்ணையும் உடனே காட்டுங்கள். நோய் வந்த குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்து, பழுது பிறவியிலேயே இருப்பது உறுதியானால் அதே சோதனையைப் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் செய்யலாம். தம்பி தங்கையிடம் அது இல்லை என்று தெரிந்தால் அந்தச் சின்னப் பிள்ளைக்கு இத்தனை மயக்கமும் தேவையில்லை. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், அடுத்து ஒரு குழந்தை பிறக்கும்போது முதல் நாட்களிலேயே பார்க்கத் தொடங்கலாம்; அப்போது பிடிபடும் கட்டி பெரும்பாலும் லேசரோடு முடிகிற அளவில்தான் இருக்கும்.

ஒரு கண்ணில்தான் பார்வை என்றாகிவிட்ட பிள்ளைக்குப் பவர் இல்லாவிட்டாலும் எப்போதும் கண்ணாடி வேண்டும். பாலிகார்பனேட் கண்ணாடி, எளிதில் உடையாது. தெருக் கிரிக்கெட், கிட்டிப்புள், தீபாவளி எல்லாம் அதைப் போட்டுக்கொண்டே. கடையில் சீட்டைப் பார்த்து, "பவரே இல்லையே சார், எதுக்குக் கண்ணாடி?" என்பார்கள். "பந்துக்கு" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.